ஆனி அமாவாசை எலுமிச்சை

விழுப்புரம்
7.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்திப் பேசினால் பக்கத்து வீட்டுக் கவிதா யாரோடு சண்டை என்று எட்டிப் பார்க்கிறாள். அதனால்தான் கடிதம்.

கலைப்பிரியாவுக்கு விமானப்படையில் விமானம் ஓட்டும் பயிற்சி தொடங்கிவிட்டது. வாத்தியார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொதுப் போனில் ஐந்து நிமிஷம் பேசுகிறாள். தெருவில் எல்லாரும், "அப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டறான், பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டுது, அடுத்து ராக்கெட்தான்" என்று கிண்டல் செய்கிறார்கள். அவருக்கு அதில் பெருமை.

ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். அவளை வழியனுப்பிய அன்று எல்லாரும் திருநீறு பூசி நல்ல வார்த்தை சொன்னார்கள். உங்கள் முறை வந்ததும் "ஜாக்கிரதை" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல்கூட பஸ் ஏறிவிட்டீர்கள். அவருக்கு அது இன்னும் ஆறவில்லை. "உங்க மாமா வாய்ல நல்ல வார்த்தையே வராதா? ஏரோப்ளேன் ஆபீஸ்ல வேலை பாத்துக்கினு இருந்த ஆளுதானே?" என்கிறார்.

நீங்கள் டெல்லியில் விமானப்படை ஆபீசில் இருந்தீர்கள் என்று தெரியும். அங்கே என்ன வேலை என்று கூடப்பிறந்த என் அம்மாவிடம்கூட நீங்கள் சொன்னதில்லை. உள்ளதைச் சொல்லுங்கள் மாமா. அவள் போகிற விமானம் நல்ல விமானம்தானா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இளவரசி

* * *

திண்டிவனம்
14.4.2024

அன்பு மகள் இளவரசிக்கு,

விருத்தாசலம் ஆசியுடன் எழுதுவது. மாப்பிள்ளைக்கும் உனக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கால் வலி வந்தபடியும் போனபடியும் இருக்கிறது. தைலம் போதுமான அளவு உள்ளது.

நல்ல விமானம்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய்.

அன்று நான் நடந்துகொண்டது சரியில்லை. என்ன சொல்வது என்று பேருந்தில் வரும்போதே யோசித்து, மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்த மறு ஆண்டு சேர்ந்தேன். போர் முடிந்த பிறகும் பயிற்சி விமானங்கள் அவ்வப்போது விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் விசாரணை நடக்கும். அந்த அறிக்கைகளைப் படித்து, காரணவாரியாகப் பிரித்து அடுக்குவது என் வேலை. வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

ஒன்றை மட்டும் நீ புரிந்துகொள்ள வேண்டும். பத்திரமாக இறங்கிய விமானம் எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. அதனால் என்னிடம் விமானத்தைப் பற்றிக் கேட்பது, பிணவறையில் வேலை பார்த்தவனிடம் மனித ஆயுளைப் பற்றிக் கேட்பது போன்றது. (இந்த உவமை மங்கலமாக இல்லை. அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.) நான் பயப்படுவது என் குறை. அதை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெயிலில் அலையாதே.

அன்புடன்,
விருத்தாசலம்

* * *

பயிற்சி நிலையம்
19.5.2024

அன்புள்ள தாத்தா,

எப்படி இருக்கீங்க? நான் சூப்பரா இருக்கேன். என் கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை போன் முழுக்க அம்மாதான். "சாப்டியா, தலைக்குக் குளிச்சியா"ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள டைம் போயிடும்.

தாத்தா, நான் தனியா ஓட்டிட்டேன்! போன செவ்வாய்க்கிழமை. என் இன்ஸ்ட்ரக்டர் மேடம் இறங்கி, கதவைச் சாத்திட்டு, "போய் ஒரு சுத்து சுத்திட்டு வா, கறிகாய் வாங்கப் போற மாதிரி"ன்னாங்க. பக்கத்து சீட்டு காலியா இருந்தது பாருங்க, அதைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஸ்டிக்கை, அதான் விமானத்தைத் திருப்பற கம்பியை, ஒருத்தர் கிட்டேர்ந்து இன்னொருத்தர் வாங்கும்போது, "இப்ப என் கையில்"னு சத்தமா சொல்லணும். மத்தவங்க "சரி, உன் கையில்"னு திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா மேடம் ஹெல்மெட்டிலேயே தட்டுவாங்க.

ஆனா ரொம்ப ஸ்ட்ரிக்ட் தாத்தா. போன வாரம் பிரவீன்குமார்னு ஒரு பையன், சளி மாத்திரை போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட சொல்லாம பறந்திருக்கான். கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க அப்பா வந்து கெஞ்சியும் நடக்கலை. அன்னைக்கு ராத்திரி யாருமே சாப்பிடலை. எனக்கு இதை விட்டா வேற எதுவும் வேணாம் தாத்தா. அப்பா கிட்ட பெட்டியோட திரும்பி வந்து நிக்கறதை நினைச்சுக்கூட பார்க்க முடியலை.

அடுத்து குட்டிக்கரணம், தலைகீழாப் பறக்கிறது எல்லாம் வரும். நீங்க ஏதாவது சொல்லுங்க. "ஜாக்கிரதை" தவிர!

உங்கள்,
கலைப்பிரியா

* * *

திண்டிவனம்
28.5.2024

அன்புப் பேத்தி கலைப்பிரியாவுக்கு,

தாத்தாவின் ஆசி. உன் கடிதம் கிடைத்த அன்று, ஸ்டேஷன் பக்கத்துக் கடைவரை நடந்துபோய் இனிப்பு வாங்கி வந்தேன். கொடுக்க ஆள் இல்லாததால் தபால்காரர் சீனுவாசனுக்கும் எனக்குமாகப் பங்கு போட்டோம்.

"இப்ப என் கையில்" என்று சொல்லும் வழக்கம் எதனால் வந்தது என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் படித்தவற்றில் சில விமானங்கள் எந்தக் கோளாறும் இல்லாமல் விழுந்தவை. ஸ்டிக் ஆசிரியரிடம் இருக்கிறது என்று மாணவன் நினைத்தான். மாணவனிடம் இருக்கிறது என்று ஆசிரியர் நினைத்தார். இருவர் இருந்தும் ஓட்டியவர் யாரும் இல்லை. பறவை, மேகம், எஞ்சின், களைப்பு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒருவர் வாய் திறந்திருந்தால் நடந்திருக்காது என்ற வகைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

எனவே ஒன்றே ஒன்று. எது சரியில்லை என்று தோன்றினாலும் சொல்லிவிடு. அற்பமாக இருந்தாலும் சொல். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலே கேட்கத் தயங்கும் ஆள் நான்.

நன்றாகச் சாப்பிடு. ஜா... இல்லை, எழுதவில்லை.

அன்புடன்,
தாத்தா

* * *

விழுப்புரம்
8.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆசை. ஒரு மாதமாக எழுத முடியவில்லை. ஆட்டோவை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டுவது, அவருக்குக் காய்ச்சல் என்று ஒரே பேஜார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆனி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்தேன். என்ன கூட்டம் மாமா! வளத்தியிலிருந்தே வண்டிகள் நகரவில்லை. ஆனாலும் அங்காளம்மன் தரிசனம் நன்றாகக் கிடைத்தது. பூசாரி அம்மன் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். ஒன்று அவர் ஆட்டோவுக்கு, ஒன்று கலைப்பிரியாவுக்கு. கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை, முறுக்கோடு சேர்த்து அவளுக்கு அன்றைக்கே பார்சல் போட்டுவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அவள் தனியாக ஓட்ட ஆரம்பித்ததிலிருந்தே அமாவாசைக்கு அமாவாசை ஒரு பழம் அனுப்புகிறேன். பறக்கும்போது உடுப்புப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முதலில், "இங்க அதெல்லாம் கூடாதும்மா, ரூல் இருக்கு" என்றாள். "சாமி பொருளுக்கு என்னாடி ரூலு? என் மேல சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணிவிட்டாள். அவளே சொன்னாள் மாமா, போன பழம் காய்ந்து கல்மாதிரி ஆகிவிட்டதாம், பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லையாம். அவர் ஆட்டோ முன்னாடியும் எப்போதும் ஒன்று இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் உண்டா?

இந்த மாதக் கடைசியில் வாத்தியார் இல்லாமல் தனியாகத் தலைகீழாக ஓட்டிக் காட்ட வேண்டுமாம். இப்போதே காலண்டரில் நாள் எண்ணுகிறேன். பழம் கூட இருக்கிறது என்பதுதான் தைரியம்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
இளவரசி

* * *

திண்டிவனம்
11.7.2024
விரைவுத் தபால்

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தில் தள்ளிவைக்கிறேன்.

உன் பாக்கெட்டில் உள்ள எலுமிச்சையை இதைப் படித்த உடனே எடுத்து அறையில் வை. விமானத்துக்குள் கொண்டுபோகாதே.

ஏன் என்று நீ கேட்பாய். வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி விமானம், உன் வயதுப் பையன். நல்ல வானிலை. எஞ்சினில் குறையில்லை. தலைகீழாகப் பறந்தபோது பையிலிருந்த ஒரு சின்னப் பொருள் வெளியே வந்து மிதந்திருக்கிறது. விமானம் நிமிர்ந்ததும் அது உருண்டு, ஸ்டிக்கின் அடிப்பகுதியில் போய் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு ஸ்டிக் பின்னால் வரவில்லை. அவன் இரண்டு கையாலும் இழுத்திருக்கிறான். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுத மாட்டேன்.

அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

தாத்தா

* * *

திண்டிவனம்
11.7.2024

அன்பு மகள் இளவரசிக்கு,

ஆசிகள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி.

ஒரு சின்ன யோசனை. தவறாக இருந்தால் தள்ளிவிடு. அம்மன் பழம் புனிதமானது. அதை வியர்வை படும் உடுப்பில் வைப்பதைவிட, கலைப்பிரியாவின் அறையில் சாமி படத்துக்கு முன் வைத்தால் பொருத்தமாக இருக்கும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்படிச் சொல்லிப்பாரேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டு நாளாக இங்கே நல்ல மழை.

அன்புடன்,
விருத்தாசலம்

* * *

விழுப்புரம்
16.7.2024

மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். "பொண்ணுக்குத் துணையா இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் புடுங்கிப்புடணுமா அந்த மனுஷனுக்கு? இனிமே அவரு பேச்சை எடுக்காதே" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்கும் வருத்தம்தான் மாமா. நீங்கள் படித்தவர், சாமி விஷயத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுபோல நீங்களும் இதில் தலையிடாதீர்கள். வேறு காரணம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தனியாகத் தலைகீழாக ஓட்டுவது முன்னாடியே வந்துவிட்டது. அங்கே மழை பிடிக்கும் முன் முடிக்க வேண்டுமாம். வரும் திங்கட்கிழமை, 22-ம் தேதி. உங்களிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அங்கே தபாலெல்லாம் ஆபீசில் பிரித்துக் கொடுக்க நாளாகுமாம், ஒன்றும் வரவில்லை என்றாள்.

வேண்டிக்கொள்ளுங்கள். அது போதும்.

இளவரசி

* * *

திண்டிவனம்
20.7.2024
நேரில்

அன்பு மகள் இளவரசிக்கு,

உன் கடிதம் இன்று பகலில்தான் கிடைத்தது. இதை எழுதி, நானே பேருந்தில் எடுத்து வருகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், எனக்குக் கேட்காது, நான் பயந்து நிறுத்திவிடுவேன். அதனால் நீ படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறேன். மாப்பிள்ளை என்னை உள்ளே கூப்பிட வேண்டாம்.

வேறு காரணம் எதுவும் இல்லை என்று எழுதினேன். அது பொய்.

தலைகீழாகப் பறக்கும்போது பையில் உள்ளது வெளியே வரும். வந்தது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டிக்கின் அடியில் விழுந்தால் விமானம் நிமிராது. இது என் கற்பனை இல்லை. ஒரு பையன் அப்படிப் போனான். அந்த அறிக்கையை அடுக்கியவன் நான். அங்கே அடைத்திருந்தது ஒரு குங்குமச் சிமிழ். அவன் வீட்டிலிருந்து வந்தது. அனுப்பியவர் அவன் அம்மா.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். நான் எழுதி, அவள் பழத்தை எடுக்கும் முன்பே ஏதாவது நடந்துவிட்டால், மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தப் பழத்தை நீ தூக்கிக்கொண்டு திரிவாய். அது உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரும் என்று நம்பினேன். சேரவில்லை.

பயிற்சி நிலையத்துக்கே போன் செய்யலாம் என்றும் யோசித்தேன். செய்தால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சளி மாத்திரைக்கே ஒரு பையனை அனுப்பியிருக்கிறார்கள். நாளை ஞாயிறு. அவள் உன்னிடம் பேசுவாள். அவள் சத்தியம் செய்தது உன் மேல். அதை விடுவிக்க உன்னால் மட்டும்தான் முடியும். நாளை அவள் எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. நாளை நீ சொல்லவில்லை என்றால் மறுநாள் காலை நானே போன் செய்துவிடுவேன். அவள் வேலை போனாலும் சரி. இதை மிரட்டலாக எழுதவில்லை.

உன் அம்மா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாள், பிறகு நான் சொன்னதைச் செய்திருப்பாள்.

வாசலில்,
விருத்தாசலம்

* * *

பயிற்சி நிலையம்
25.7.2024

அன்புள்ள தாத்தா,

உங்க உடம்பு எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். முதல்ல அதை நம்புங்க. உங்க விரைவுத் தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல, சாப்டியான்னு கேக்கலை. எடுத்ததும், "பாப்பா, சத்தியத்தை வாபஸ் வாங்கிட்டேன், பழத்தை இப்பவே எடுத்து வெளிய வை, நான் லைன்ல இருக்கேன், போய் எடுத்துட்டு வா"ன்னாங்க. சிரிச்சிக்கிட்டே ரூமுக்கு ஓடினேன். பறக்கிற உடுப்பு ஆணியில மாட்டியிருந்தது. கால் பாக்கெட்ல கையை விட்டேன். ஜிப் பாதி திறந்திருந்தது. பழம் இல்லை.

கட்டிலுக்கு அடியில, பெட்டியில, பாத்ரூம்ல எல்லாம் தேடினேன். சனிக்கிழமை காலையில விமானத்துல ஏறும்போது இருந்தது, நல்லா ஞாபகம். அன்னைக்கு மேடம் கூட ரெண்டு தடவை தலைகீழாப் போனோம், அப்பதான் உள்ளே விழுந்திருக்கணும். அதே விமானத்தைத் திங்கக்கிழமை முதல்ல எடுக்கப்போறது இருதயராஜ். நாகர்கோவில் பையன். நான் சொல்ற ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறது இங்க அவன் ஒருத்தன்தான்.

திரும்பி வந்து போனை எடுத்து, "எடுத்துட்டேம்மா"ன்னு சொல்லிட்டேன். அம்மா அழுதாங்க. வெச்சிட்டேன்.

அப்புறம் படிக்கட்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ரூம்லயே எங்கேயாவது கிடக்கும், நாளைக்குக் கிடைச்சிடும், சொன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும்னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தது. அற்பமா இருந்தாலும் சொல்லுன்னு நீங்க எழுதினீங்களே, அது ஞாபகம் வந்தது. உங்க மேல கோபம்தான் வந்தது. எழுந்து மேடம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

மேடம் துணி மடிச்சிக்கிட்டு இருந்தாங்க. "எலுமிச்சம்பழமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. விமானம் நிறுத்தற ஹாங்கர்ல அந்த விமானத்தோட சீட்டை எல்லாம் கழட்டினாங்க. டார்ச் அடிச்சுக்கிட்டே ஒரு சார்ஜென்ட், இந்திக்காரர், கையை உள்ளே விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் ஆச்சு. என் சீட்டுக்குக் கீழே, ஸ்டிக்கோட அடிக்கம்பி முன்னும் பின்னும் போற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சாண் தூரத்துல கிடந்தது தாத்தா. காய்ஞ்சு, கறுத்து, ஒரு பெரிய கோலிக்குண்டு மாதிரி. சார்ஜென்ட் அதை வெளிச்சத்துல காட்டி, "எங்க ஊர்ல இதோட ஏழு மிளகாயும் கட்டுவோம், அதெல்லாம் எங்கே?"ன்னார். யாரும் சிரிக்கலை. அப்புறம் அவரே தரையில உக்காந்துட்டார்.

என்னை வீட்டுக்கு அனுப்பலை. தானா வந்து சொன்னதால. ஆனா இந்த பேட்ச்லேர்ந்து எடுத்துட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அடுத்த பேட்ச்சோட முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் ஹாங்கர் வேலை. என்கூட வந்தவங்க எல்லாரும் எனக்கு சீனியர் ஆகிடுவாங்க.

மேடம் என்கிட்ட இன்னும் சரியாப் பேசலை. நேத்து மட்டும், "யார் சொல்லித் தேடினே?"ன்னு கேட்டாங்க. எங்க அம்மான்னேன்.

பழம் தொலைஞ்சது, கிடைச்சது எதையும் அம்மாகிட்ட சொல்லாதீங்க. பேட்ச் மாத்தினதுக்கு வேற காரணம் சொல்லிக்கிறேன்.

உங்கள்,
கலைப்பிரியா

* * *

விழுப்புரம்
12.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம். நீங்கள் மழையில் நனைந்து வாசலில் நின்ற அன்று பிடித்த இருமல் விட்டதா?

கலைப்பிரியாவுக்குப் பொய் சொல்ல வராது. போனில் ஏதோ காய்ச்சல், அதனால் பேட்ச் மாறினேன் என்றாள். எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு சாண் தூரமாம் மாமா. அன்றிலிருந்து கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று வருத்தம் வேண்டாம். அன்று உங்களை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து, ஆட்டோவிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் முன்னாடி இருந்த பழத்தை ஒரு சின்ன வலைப்பையில் போட்டு, கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டார். ஏறுகிறவர்கள், "இன்னாத்துக்கு செல்வம் பழத்தை ஜெயில்ல போட்டுட்ட?" என்று கேட்கிறார்களாம். "உருளக் கூடாது சார்" என்கிறாராம், அவ்வளவுதான். நேற்று சாப்பிடும்போது அவரே, "உங்க மாமா ஒருவாட்டி வந்து சாப்ட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

ஆடி அமாவாசைக்கும் போய்வந்தேன். பழத்தை வீட்டில் சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அவளுக்கு மல்லாட்டை உருண்டை மட்டும் அனுப்பினேன்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை மாமா. அந்தக் குங்குமச் சிமிழ் அனுப்பிய அம்மாவுக்கு, அதுதான் காரணம் என்று யாராவது சொன்னார்களா?

அன்புடன்,
இளவரசி

* * *

திண்டிவனம்
20.8.2024

அன்பு மகள் இளவரசிக்கு,

ஆசிகள். இருமல் நின்றுவிட்டது. நீ கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டதற்கு என் நன்றியைச் சொல். கட்டாயம் வருகிறேன். காரம் மட்டும் குறைவாக இருந்தால் நல்லது.

கலைப்பிரியாவுக்கு ஆறு மாதம் போனதை நினைத்து வருந்தாதே. நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது. இருதயராஜ் தலைகீழாக ஓட்டி, பத்திரமாக இறங்கிவிட்டானாம். இறங்கியதும் ஹாங்கரில் வேலையாக இருந்த இவளிடம் ஓடி வந்து, "எலுமிச்சை ஜூஸ் வாங்கித் தா" என்று கேட்டானாம். நான் அதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். விழாத விமானத்தைப் பற்றி எனக்கு யாரும் இதுவரை எழுதியதில்லை.

ஆவணி அமாவாசைக்கு நீ மேல்மலையனூர் போகும்போது என்னையும் அழைத்துப் போ. கூட்டத்தில் நிற்கக் கால் ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை, இருந்தாலும் வருகிறேன். வீட்டுக்குப் பழம் வாங்கும்போது கூடுதலாக ஒன்று வாங்கு. நானே கையில் வைத்திருந்து, அங்கேயே அம்மன் காலடியில் வைத்துவிட்டு வருகிறேன். குங்குமச் சிமிழைப் பற்றிய உன் கேள்விக்கு என் பதில் அந்தப் பழம்தான்; யாருக்காக என்று அங்கே என்னிடம் கேட்காதே.

அன்புடன்,
விருத்தாசலம்